கூரை மேல் ஒரு சுவிட்ச்: ஆஸ்திரேலியா கட்டாயமாக்கி, பிறகு கைவிட்ட டிசி ஐசோலேட்டர்

வீட்டுக்கு சோலார் போட நினைப்பவர்கள் முதலில் கேட்பது பேனல் எந்தக் கம்பெனி, எத்தனை வருஷ வாரண்டி என்பதைத்தான். கொட்டேஷனிலும் பேனலும், அதன் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரும் கொட்டை எழுத்தில் இருக்கும். கடைசியில் ‘ஒயரிங், டிசி பாக்ஸ், இதர பொருட்கள்’ என்று ஒரே வரியில் மீதி எல்லாம் அடங்கிவிடும். ஆனால் எரிந்துபோன சோலார் அமைப்புகளைப் பிரித்துப் பார்த்தவர்கள் எழுதிய அறிக்கைகளைப் படித்தால், பேச்சு பெரும்பாலும் அந்தக் கடைசி வரியைப் பற்றித்தான் இருக்கிறது. இதற்கு ஆஸ்திரேலியாவில் நடந்ததை விடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. பாதுகாப்புக்கென்று சட்டம் போட்டு மாட்டவைத்த டிசி ஐசோலேட்டர் என்ற சின்னப் பொருள், அதாவது பேனலிலிருந்து ஒரே திசையில் ஓடிவரும் டிசி மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச், அங்கே சோலார் தீ விபத்துகளின் முதன்மைக் காரணமாக ஆனது. ஒன்பது ஆண்டுகள் கழித்து அந்தக் கட்டாயத்தையே எடுத்துவிட்டார்கள்.

விதி வந்த விதம்

2008இல் குயின்ஸ்லாந்து மாநிலம், வீட்டுக் கூரையிலிருந்து கிரிட்டுக்குப் போகும் உபரி மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 44 சென்ட் கொடுத்தது. நியூ சவுத் வேல்ஸ் 2010இல் தொடங்கிய திட்டத்தில் 60 சென்ட். அவ்வளவுதான், தெருவுக்குத் தெரு சோலார் போடும் ஆட்கள் முளைத்தார்கள். 2013 தொடக்கத்தில் பத்து லட்சம் வீடுகளில் பேனல் இருந்தது. வேகம் இப்படி இருந்தால் வேலையின் தரம் எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கூட்டத்தின் நடுவில்தான் ஏஎஸ்/என்இசட்எஸ் 5033 என்ற ஆஸ்திரேலிய-நியூசிலாந்து தர விதியின் 2012 பதிப்பு வந்தது. இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் ஒரு டிசி ஐசோலேட்டர் இருப்பது போதாது, கூரையில் பேனல்களுக்குப் பக்கத்திலும் ஒன்று வேண்டும் என்றது அது. காரணம் நியாயமானது. வெயில் இருக்கும்வரை பேனலை யாராலும் அணைக்க முடியாது. மெயின் சுவிட்சை அணைத்தாலும், கூரையிலிருந்து இன்வெர்ட்டர் வரை இறங்கும் ஒயரில் 400, 500 வோல்ட் டிசி நின்றுகொண்டே இருக்கும். வீடு பற்றி எரியும்போது சுவரை உடைக்கும் தீயணைப்பு வீரரின் கோடரி அந்த ஒயரில் பட்டால் என்ன ஆவது? மேலேயே துண்டிக்க ஒரு வழி இருந்தால் நல்லதுதானே? விதி எழுதியவர்களை இன்று குறை சொல்வது சுலபம். 2012இல் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தால் நானும் அந்த வரிக்குக் கை தூக்கியிருப்பேன்.

சூரிய மின்சாரத்தில் அவர்களுக்கு முன்னோடியான ஜெர்மனியில் இப்படி ஒரு கூரைக் கட்டாயம் கிடையாது. அங்கே இன்வெர்ட்டர் பக்கத்து சுவிட்சோடு சரி.

உள்ளங்கை அளவுப் பெட்டி

பொருள் என்னவோ சாதாரணமானதுதான். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் பெட்டி, முகப்பில் திருகும் கைப்பிடி, உள்ளே பெரும்பாலும் நான்கு போல் சுவிட்ச் (ஒரே கைப்பிடியில் நான்கு ஒயர்களைத் துண்டிப்பது). பைப் ஒன்று உள்ளே வரும், ஒன்று வெளியே போகும். நான்கு போல் என்றால் எட்டு திருகு முனைகள். ஒரே ஒரு ஸ்டிரிங் (ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்த பேனல் வரிசை) உள்ள வீட்டில்கூட, இதை வைப்பதற்கு முன் நேராக ஓடிக்கொண்டிருந்த கேபிளை வெட்டி, தோல் உரித்து, அத்தனை திருகுகளுக்குள் செருக வேண்டும். இதெல்லாம் நடப்பது வீட்டிலேயே அதிக வெயிலும் அதிக மழையும் படுகிற இடத்தில்.

2014இல் முதல் பெரிய அடி விழுந்தது. ஓர் இறக்குமதியாளர் விற்றிருந்த சுமார் 27,600 ஐசோலேட்டர்கள் திரும்பப் பெறப்பட்டன. உள்ளே தொடுமுனைகள் சரியாகப் பொருந்தாமல் சூடேறி, பெட்டி உருகி எரிந்தது. விற்ற கம்பெனி திவாலாகிவிட, மாற்றும் செலவு வீட்டுக்காரர்கள் தலையில் விழுந்தது. அடுத்தடுத்து வேறு சில பிராண்டுகளும் திரும்பப் பெறப்பட்டன. இதில் கவனிக்க வேண்டியது, அவை கள்ளச் சரக்கு அல்ல என்பது. சான்றிதழ் காட்டி, கடையில் பில் போட்டு விற்ற பொருட்கள்.

மட்டமான பொருள்தான் பிரச்சினை என்றால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நல்ல பிராண்டு சுவிட்சுகளும் எரிந்தன. அதற்கான காரணம்தான் நமக்கு உபயோகமானது.

தண்ணீர் நுழைந்த வழி

பெட்டியில் ஐபி 66 என்று அச்சடித்திருக்கும், தூசியும் தண்ணீரும் போகாது என்று. அந்தச் சோதனை ஆய்வுக்கூடத்தில், முழுசாக மூடிய பெட்டியில் செய்தது. கூரையில் ஒருவர் டிரில்லால் இரண்டு ஓட்டை போட்டதும் அந்த எண்ணின் கதை முடிந்தது. அதற்குப் பிறகு தண்ணீர் போகுமா போகாதா என்பது ஓட்டையைச் சுற்றி அடைக்க அவர் போட்ட கிளாண்டையும், அதை எவ்வளவு இறுக்கினார் என்பதையும் பொறுத்தது.

பைப் மேலிருந்து வந்து பெட்டியின் தலையில் நுழைந்தால், பைப்புக்குள் இறங்கும் தண்ணீர் முழுக்க பெட்டிக்குள்தான் வரும். கிளாண்ட் கச்சிதமாக இருந்தால்கூட இன்னொரு வழி இருக்கிறது. பகலில் பெட்டி காய்கிறது, உள்ளே இருக்கும் காற்று விரிந்து கொஞ்சம் வெளியே போகிறது. சாயங்காலம் திடீரென்று மழை. பெட்டி குளிர்ந்து, உள்காற்று சுருங்கி, ரப்பர் விளிம்பில் நிற்கும் மழைத்தண்ணீரை உள்ளே இழுக்கிறது. தினமும் ஒரு சொட்டு போதும். பைப்புக்குள்ளேயே ராத்திரி வியர்த்து வழியும் ஈரம் இதோடு சேரும். வெளியேற ஓட்டை இல்லாததால் அடியில் தேங்கும். பின்னால் சோதிக்கத் திறந்த பெட்டிகளில் தண்ணீர் குளம்போல் நின்ற படங்கள் ஏராளம்.

ஈரத்தில் செம்பு முனை பச்சை பூக்கிறது. பூத்த இடத்தில் தடை ஏறுகிறது. அன்றைய 250 வாட் பேனலில் ஓடியது சுமார் 8 ஆம்பியர். ஒரு திருகு முனையில் தடை 0.1 ஓம் ஆகிவிட்டால், அங்கே 6 வாட்டுக்கு மேல் வெப்பம். மூடிய சின்ன பிளாஸ்டிக் பெட்டியில், வெயில் சூட்டுக்கு மேல், ஒரு புள்ளியில் 6 வாட் என்பது விளையாட்டில்லை. பிளாஸ்டிக் கருகினால் கரி. கரி மின்சாரத்தைக் கடத்தும். பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் நடுவில் கரிக்கோடு போட்டதும் ஆர்க், அதாவது இடைவெளியைத் தாண்டிப் பாயும் மின்பொறி, பற்றிக்கொள்கிறது.

வீட்டுக்கு வரும், திசை மாறி மாறி ஓடும் ஏசி மின்சாரத்தில் ஆர்க் பற்றினால், 50 ஹெர்ட்சில் மின்னோட்டம் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடும். ஒவ்வொரு தடவையும் ஆர்க் அணைய வாய்ப்பு கிடைக்கும். டிசியில் அந்த வாய்ப்பு கிடையாது. பிடித்தால் பிடித்ததுதான், இடைவெளி பெரிதாகும்வரை அல்லது சூரியன் மறையும்வரை. சரி, ஃபியூஸ் போகாதா என்றால், போகாது. சோலார் பேனலின் விசித்திரமே இதுதான்: ஷார்ட் ஆனாலும் அது கொடுக்கும் மின்னோட்டம் வழக்கத்தைவிட ஏழெட்டு சதவீதம்தான் கூடும். இன்றைய 540 வாட் பேனல் வேலை செய்யும்போது 13 ஆம்பியர், ஷார்ட்டில் 14. இந்த வித்தியாசத்தை எந்த ஃபியூஸும் எம்சிபியும் (தானாக ட்ரிப் ஆகும் சுவிட்ச்) கண்டுபிடிக்க முடியாது. வீட்டு ஒயரிங்கில் ‘ஏதாவது ஆனால் ட்ரிப் ஆகிவிடும்’ என்று நாம் பழகிய நம்பிக்கை, பேனல் பக்கத்து ஒயரில் எடுபடாது.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 8 ஆம்பியர் காலத்து லூஸ் முனை இன்றைய 13 ஆம்பியரில் இரண்டரை மடங்குக்கு மேல் சூடாகும். பேனல் வாட் ஏற ஏற, இணைப்பில் விடும் அலட்சியத்துக்கான விலையும் ஏறிக்கொண்டிருக்கிறது. பேனல் விற்பவர் இதைச் சொல்வதில்லை.

சுவிட்ச் தேர்விலேயே நடந்த கோளாறுகள்

எல்லாப் பழியையும் தண்ணீர் மேல் போட முடியாது. ஏசிக்கென்று செய்த சுவிட்சை டிசியில் மாட்டியவர்கள் உண்டு. வெளித்தோற்றம் ஒன்றுதான், உள்ளே ஆர்க்கை நீட்டி அணைக்கும் அமைப்பு கிடையாது. ஐசோலேட்டருக்குப் பதிலாக டிசி எம்சிபி வைத்தவர்களும் உண்டு. டிசி எம்சிபியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சில வகைகளில் உள்ளே ஒரு காந்தம் ஆர்க்கை அணைக்கும் அறைக்குள் தள்ளும். பாசிட்டிவ், நெகட்டிவ் மாறினால் காந்தம் ஆர்க்கை எதிர்ப்பக்கம், நேராக மெக்கானிசத்துக்குள் தள்ளும். ஆன் ஆக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. ஆபத்தில் அணைக்கப் போகும் அன்றுதான் கையிலேயே எரியும். அந்த 2012 விதியே இப்படித் துருவம் பார்க்கும் சுவிட்சுகளைத் தடை செய்தது. அந்த ஒரு வரிக்காக அதைப் பாராட்டலாம். நம் ஊர் டிசி பாக்ஸ்களில் இவை இன்னமும் இருக்கின்றன. எம்சிபியின் முகப்பில் + என்றோ − என்றோ குறி இருந்தால் அது துருவம் பார்க்கும் ரகம்.

பின்வாங்கல்

தீயணைப்புத் துறைகளின் கணக்கு ஒரே திசையைக் காட்டியது. நியூ சவுத் வேல்ஸில் சோலார் தொடர்பான தீ விபத்துகளில் ஏறக்குறைய பாதிக்கு ஐசோலேட்டர்தான் காரணம் என்று அந்த மாநிலத் தீயணைப்புத் துறை சொன்னது. பிரிட்டனில் பிஆர்இ என்ற கட்டிட ஆராய்ச்சி அமைப்பு, அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் சோலார் தீ விபத்துகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தது. அங்கேயும் எரிந்த உறுப்புகளின் பட்டியலில் டிசி ஐசோலேட்டரே முதலிடம், கனெக்டர்கள் அடுத்து. இரண்டிலும் பொருளின் குறையோடு மாட்டிய விதத்தின் குறை பின்னிப் பிணைந்திருந்தது.

யாருக்காக வைத்தார்களோ அவர்களுக்கும் அது உதவவில்லை. எரிகிற கூரையில் ஏறி, பேனலுக்குப் பக்கத்தில் இருக்கும் கைப்பிடியைத் திருக எந்தத் தீயணைப்பு வீரர் போவார்?

இடைக்காலத்தில் ஒட்டுப்போடும் வேலையும் நடந்தது: பெட்டிக்கு மேல் வெயில் மறைப்புத் தகடு வை, தலையில் பைப் நுழைக்காதே, கிளாண்டைச் சரியாகப் போடு. ஒவ்வொன்றும் கொஞ்சம் பலன் தந்தது. கடைசியில் 2021 நவம்பரில் வந்த புதிய பதிப்பு, வீட்டுக் கூரையில் ஐசோலேட்டர் கட்டாயம் என்பதைத் தளர்த்தியது. கேபிள் போகும் வழி குறிப்பிட்ட பாதுகாப்பு நிபந்தனைகளுக்கு உட்பட்டிருந்தால், சுவிட்சுக்குப் பதில் ‘துண்டிக்கும் இடம்’ ஒன்று போதும். அதாவது பேனலுக்கு அடியில், டூல் இருந்தால் மட்டும் கழற்ற முடிகிற ஒரு ஜோடி கனெக்டர், பக்கத்தில் ஓர் எச்சரிக்கை அட்டை. பெட்டி இல்லை, கிளாண்ட் இல்லை, திருகு முனைகள் இல்லை. அந்த மாதம் ஆஸ்திரேலியாவில் சோலார் உள்ள வீடுகள் முப்பது லட்சத்தைத் தொட்டிருந்தன. ஏற்கெனவே மாட்டியவற்றில் பல இன்னும் அப்படியே வெயிலில் நிற்கின்றன.

நம் மொட்டை மாடியில்

தமிழ்நாட்டில் கூரை ஐசோலேட்டர் என்று தனியாக ஒன்று இல்லை. அதே பெட்டியை நாம் டிசி டிபி (டிசி பக்கத்து இணைப்புப் பெட்டி) என்ற பெயரில் வைத்திருக்கிறோம். கைப்பிடிச் சுவரில், மேற்கு வெயில் நேரடியாகப் படும் இடத்தில், பைப் மேலிருந்து இறங்கித் தலையில் நுழையும்படி. வடகிழக்குப் பருவமழை சாரலோடு அடிக்கும். கடலோரமாக இருந்தால் உப்புக்காற்று வேறு. 2024இல் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைப்பதால் நம் ஊரிலும் இப்போது அந்தப் பழைய ஆஸ்திரேலிய வேகம்தான்.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 3 கிலோவாட் வீட்டில் ஆறேழு பேனல், ஒரே ஸ்டிரிங். ஸ்டிரிங் ஃபியூஸ் என்பது மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஸ்டிரிங்குகள் பேரலலாகச் சேரும்போது, பழுதான ஸ்டிரிங்குக்குள் மற்றவை மின்சாரத்தைத் தள்ளாமல் இருக்கத்தான். ஒற்றை ஸ்டிரிங்கில் அதற்கு வேலையே இல்லை, சூடேற ஓர் இடம் கூடுவதைத் தவிர. டிசி சுவிட்ச் பல இன்வெர்ட்டர்களில் உள்ளேயே வருகிறது. பெட்டியில் உண்மையில் உபயோகமானது இடி மின்னலால் திடீரென்று ஏறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் எஸ்பிடி. அதுவும் சில இன்வெர்ட்டர்களில் உள்ளேயே உண்டு. எனவே என் யோசனை: முதலில் இன்வெர்ட்டரின் டேட்டா ஷீட்டைப் பார்த்து, அதில் இல்லாததை மட்டும் வெளியே வைக்கச் சொல்லுங்கள். மானிய விதியோ மின்வாரிய ஆய்வோ பெட்டி கேட்டால் வைக்கத்தான் வேண்டும். அப்போது அது இன்வெர்ட்டர் பக்கத்தில், நிழலில் இருக்கட்டும். பைப்புகள் அடிப்பக்கமாக நுழையட்டும். நுழையுமுன் கேபிள் கொஞ்சம் தொங்கி வளைந்து ஏறினால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். சுவிட்ச் வாங்கினால் ஐஇசி 60947-3 தரத்தில் டிசி-பிவி2 வகை என்று எழுதியிருக்க வேண்டும். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது சில முறை திருகி விட்டால், தொடுமுனையில் படிந்த படலம் உரசிப் போகும்.

கனெக்டருக்கு வருவோம். பெட்டியைக் குறைத்தாலும் இதைக் குறைக்க முடியாது. எம்சி4 என்பது ஒரு கம்பெனியின் கனெக்டர் மாடல் பெயர். சந்தையில் ‘எம்சி4 கம்பாட்டிபிள்’ என்று விற்பவை அதைப்போலச் செய்தவை. ஒன்றோடொன்று ‘டிக்’ என்று பூட்டிக்கொள்ளும், மின்சாரமும் ஓடும். ஆனால் உள்ளே உள்ள ஸ்பிரிங்கின் அளவு, முலாம் பூசிய உலோகம், ரப்பர் வளையத்தின் தடிமன் எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஐஇசி 62852 சான்றிதழ் ஒரே தயாரிப்பாளரின் ஆணும் பெண்ணும் சேர்ந்த ஜோடிக்குத்தான். கலந்து மாட்டினால் இரண்டு சான்றிதழும் செல்லாது. நல்ல ஜோடியில் தடை அரை மில்லி ஓமுக்குள் இருக்கும்: 13 ஆம்பியரில் வெப்பம் 0.1 வாட்கூட வராது. அதே இடத்தில் 0.1 ஓம் வந்துவிட்டால் 17 வாட். பேனலோடு வரும் கனெக்டர்கள் தங்களுக்குள் ஒரே இனம்; கலப்பு நடப்பது ஸ்டிரிங்கின் இரண்டு முனைகளில், எலெக்ட்ரீஷியன் தன் பையிலிருந்து எடுத்து மாட்டும் இடத்தில். இன்வெர்ட்டரோடு வரும் ஜோடியும் அப்படித்தான், அதைத் தூக்கிப்போட்டுவிட்டு வேறு மாட்டினால் அங்கே கலப்பு.

கனெக்டரின் உலோக முனையை ஒயரோடு நசுக்கிப் பிடிக்கவைக்கும் கிரிம்பிங்கைக் கண்ணால் பார்க்க வேண்டும். கட்டிங் பிளேயரால் நசுக்குகிறார் என்றால் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள், சங்கடப்படாதீர்கள். முழு அழுத்தம் கொடுத்தால்தான் விடுபடும் ராட்செட் டூலில் போட்ட கிரிம்ப், ஒயர் இழைகளைச் சீராகச் சுருட்டிப் பிடித்திருக்கும். மாட்டும் முன் இழுத்துப் பார்த்தால் வரக்கூடாது. பின்பக்க நட்டையும் ஸ்பானர் போட்டு இறுக்க வேண்டும். விரலால் இறுக்கியது தண்ணீரைத் தடுக்காது.

கேபிள் பற்றி நீட்ட வேண்டியதில்லை. தகரம் பூசிய செம்பு, இரட்டை உறை, 1500 வோல்ட் டிசி, ஐஎஸ் 17293 அல்லது இஎன் 50618 என்று ஒயரின் மேலேயே அச்சு. வீட்டு பிவிசி ஒயரை வெயிலில் விட்டால் சில வருஷங்களில் உறை வெடிக்கும். 4 ஸ்கொயர் எம்எம் போதுமா என்று நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள்: 20 மீட்டர் தூரத்துக்குப் போக வர 40 மீட்டர், தடை சுமார் 0.2 ஓம், 13 ஆம்பியரில் 2.6 வோல்ட் இழப்பு. ஏழு பேனல் ஸ்டிரிங்கின் 290 வோல்ட்டில் அது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. 6 ஸ்கொயருக்குச் செலவு செய்யும் காசை நல்ல கனெக்டருக்கும் பைப்புக்கும் கொடுக்கலாம். கேபிளை பேனல் ஃபிரேமில் ஸ்டீல் கிளிப்பால் பிடிக்க வேண்டும். சாதாரண நைலான் டை சில வெயில் காலங்களில் ஒடிந்து, கனெக்டர் தொங்கித் தளத்துத் தண்ணீரில் கிடக்கும். அணில் தொல்லை உள்ள வீடுகளில் பேனல் அடியில் வலை அடிப்பது வீண் செலவல்ல. ஒயர் உறையைக் கடித்துப் பார்ப்பதில் அதற்கு அலாதி ஆசை.

வேலை முடிந்ததும் மெக்கர் என்ற மீட்டர் வைத்து இன்சுலேஷன் (மின்சாரம் கசியாமல் உறை தடுக்கும் அளவு) அளந்து, எண்ணைத் தாளில் எழுதி வாங்குங்கள். ஒரு மெகா ஓமுக்குக் குறையக்கூடாது என்பது விதி. புது ஒயரிங்கில் வறண்ட நாளில் அதைவிடப் பல மடங்கு காட்டும். அந்த முதல் நாள் எண்தான் பின்னால் ஒப்பிட உதவும். அதற்குப் பிறகு இன்வெர்ட்டரே தினமும் காலையில் இந்தச் சோதனையைச் செய்துகொள்கிறது. மழை பெய்த மறுநாள் காலை ‘ஐசோ ஃபால்ட்’ (இன்சுலேஷன் கோளாறு) என்று காட்டி, பத்து மணிக்கு வெயில் ஏறியதும் தானாகச் சரியாகிவிட்டால், எங்கோ ஒரு பெட்டியிலோ கனெக்டரிலோ தண்ணீர் இருக்கிறது. போன் செய்தால் ‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, சரியாயிடும்’ என்பார்கள். சரியாகத்தான் ஆகும், ஈரம் காய்வதால். ஆஸ்திரேலியாவில் எரிந்த பெட்டிகளில் நடந்த அதே வேலை இங்கே தொடங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, அன்றைக்கே ஆளை வரவழைத்து ஈரம் இருக்கும்போதே தேடச் சொல்ல வேண்டும். காய்ந்த பிறகு வந்தால் எல்லாம் நல்லபடியாகவே அளவு காட்டும்.

இன்னும் ஒன்று: பேனலில் உள்ள அதே கம்பெனி, அதே மாடல் கனெக்டர் இரண்டு மூன்று ஜோடி கூடுதலாக வாங்கி, பில்லோடு இன்வெர்ட்டர் பக்கத்தில் ஒரு கவரில் வைத்துவிடுங்கள். ஆறாவது வருஷம் பழுது பார்க்க வருபவர் வேறு ஆளாக இருப்பார். அவர் பையில் அன்றைக்கு எது மலிவோ அதுதான் இருக்கும்.